ஜிலேபியின் இடது முன்னங்கால்

ஜூன் 2, ஞாயிறு

பொங்கலுக்குக் கிடைத்த டைரியை ஜூனில் திறக்கிறேன். பவளம் மேடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், நேற்று எல்லார் முன்னாலும், "என்னண்ணே, டைரிய நம்ம குதிரை ஜிலேபிக்குத் தீனியா போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டார். மானம் போயிற்று. அதனால் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு நாலு வரி போதும் என்றிருக்கிறார்.

என் பெயர் சவரிராயன். வயது ஐம்பத்தாறு. குதிரைக்கு லாடம் அடிக்கிற தொழில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான்கு லாயங்களுக்குப் போகிறேன். அதில் பெரியது மேடம் ட்ரெய்னராக இருக்கிற இந்தக் குதிரையேற்றப் பள்ளி. முப்பத்தோரு வருடத்தில் நான் அடித்த ஒரு ஆணியும் சதையில் ஏறியதில்லை. இதை நான் சொல்லிக்கொள்வதில்லை, மற்றவர்கள்தான் சொல்வார்கள். சரி, நானும் சொல்வேன்.

மேடத்தைப் பற்றி எழுதாமல் இந்த டைரியை எப்படித் தொடங்குவது? முழுப்பெயர் பவளக்கொடி. உசிலம்பட்டிப் பக்கம், லாரி டிரைவர் மகள். பதினாறு வயதில் சர்க்கஸ் கூடாரத்தில் சாணி அள்ளப் போனவர், ஆறே மாதத்தில் ஓடுகிற குதிரையின் முதுகில் எழுந்து நின்றார். அப்புறம் சினிமா. கதாநாயகிகளுக்கு டூப். ஒரு படத்தில் மீசை ஒட்டிக்கொண்டு கதாநாயகனுக்கே டூப்! அந்த ஆள் குதிரைக்குப் பத்தடி தள்ளியே நின்றானாம். அதற்கப்புறம் ரேஸ் குதிரைகள். போலீஸ் குதிரைகளைப் பழக்க இன்னமும் ஞாயிற்றுக்கிழமை போய் வருகிறார். இத்தனைக்கும் நடுவில் இரண்டு நாவல் எழுதி, வாரப் பத்திரிகையில் 'கடிவாளம்' என்று ஒரு தொடரும் எழுதிக்கொண்டிருக்கிறார். எனக்கு வயிற்றெரிச்சலாகக்கூட இருக்கிறது. ஒரே ஆளுக்கு ஆண்டவர் இவ்வளவையா கொடுப்பார்?

எழுத மேஜை நாற்காலி கிடையாது. தீனி அறையில் ஓட்ஸ் டிரம்மின் மூடி மேல் தாளை வைத்து நின்றுகொண்டே பென்சிலால் எழுதுவார். புதன்கிழமை எழுதி முடித்ததும் முதலில் என்னிடம்தான் கொடுப்பார், பத்திரிகைக்கு மறுநாள்தான் போகும். "குதிரை தெரிஞ்சவரு எந்த வரியில முகத்தச் சுளிக்கிறீகளோ அத வெட்டிப்புடுவேன்" என்பார். எட்டாவது ஃபெயிலானவனுக்கு இந்த மரியாதை.

நாலு வரி என்றார். பக்கமே முடிந்துவிட்டது.

ஜூன் 3, திங்கள்

காலையில் ஜிலேபிக்கு லாடம். செம்பழுப்புப் பெண் குதிரை, பள்ளியின் செல்லம். இருபத்திரண்டாம் தேதி பெங்களூரில் தடை தாண்டும் போட்டி. மேடம் இதன் மேல்தான் ஏறப்போகிறார். ஒன்றரை வருட உழைப்பு.

துலுக்காணம் வழக்கம்போல் காலைத் தூக்கித் தன் தொடை மேல் வைத்துப் பிடித்துக்கொண்டான். அவன் ஜிலேபியைப் பார்த்துக்கொள்கிற ஆள். நாற்பத்தைந்து வயசு, லாயத்துக்குப் பின்னாலேயே குடித்தனம். நாங்கள் இரண்டு பேரும் பதினோரு வருடமாக ஜோடி. அவன் பிடிப்பான், நான் அடிப்பேன்.

போன வாரக் 'கடிவாள'த்தை அவன் படிக்கவில்லை என்றான். ஷூட்டிங்கில் மேடத்தின் ஒட்டு மீசை கழன்று விழ, அதைக் குதிரை மென்று தின்றுவிட்ட கதை. நான் நடித்துக் காட்டிச் சொன்னேன். துலுக்காணம் சிரித்த சிரிப்பில் குதிரையே ஆடியது.

லாடக்காரன் ஆணியைக் காதால் அடிக்கிறவன். கெட்டியான குளம்பில் ஏறினால் சத்தம் கணீரென்று இருக்கும். உள்ளே சதைப் பக்கம் திரும்பினால் மட்டுப்பட்டுவிடும். உடனே பிடுங்கிவிட வேண்டும். இது அரிச்சுவடி.

இடது முன்னங்காலில் ஐந்தாவது ஆணிக்கு ஜிலேபி வெடுக்கென்று இழுத்தாள்.

"அண்ணா, சிலுத்துக்கிச்சே?" என்றான் துலுக்காணம்.

"ஈதாண்டா" என்றேன். ஜூன் மாதத்து ஈ பொல்லாதது.

ஜூன் 4, செவ்வாய்

வேறு லாயங்கள். வெயில். இடுப்பு வலி.

ஜூன் 6, வியாழன்

ஜிலேபி நொண்டுகிறாள்.

மேடம் போன் செய்த அரை மணியில் போய் நின்றேன். இடது முன்னங்காலை ஊன்றும்போது தலையைத் தூக்கித் தூக்கி நடக்கிறாள். புது லாடம் அடித்து மூன்று நாளில் நொண்டினால் யாராக இருந்தாலும் முதலில் குளம்பைத்தான் பார்ப்பார்கள். மேடமும் அதைத்தான் சொன்னார். "கழட்டிப் பாத்துருங்கண்ணே."

கழற்றினேன். துலுக்காணம் காலைப் பிடித்தான். மேடம் ஜிலேபியின் தலைப்பக்கம் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். ஆறு ஆணியையும் பிடுங்கினேன். ஐந்து டப்பாவில் விழுந்தன. ஒன்று என் சட்டைப் பையில் இருக்கிறது. எப்படி வந்தது என்று தெரியவில்லை.

பெரிய இடுக்கியை வைத்துக் குளம்பைச் சுற்றி அழுத்திப் பார்த்தேன். எல்லா இடத்திலும்தான் அழுத்தினேன்.

"சுத்தமா இருக்கு மேடம். தோள்ல எங்கியாவது பிசகியிருக்கும்."

"அப்பச் சரி" என்றார். மறு கேள்வி இல்லை. ஊருக்குப் போயிருக்கிற டாக்டருக்கு என் எதிரிலேயே போன் போட்டார். "குளம்புல ஒண்ணும் இல்ல டாக்டர். சவரி அண்ணன் பாத்துட்டாரு." தோளுக்குத் தேய்க்க மருந்து சொன்னாராம் அவர்.

துலுக்காணம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இவனுக்கு வேறு வேலை இல்லை.

ஜூன் 7, வெள்ளி

ஓனர் சொக்கநாதன் வந்தார். ஜிலேபியை வாங்கியவர், பள்ளியும் அவருடையது. பெங்களூர் போட்டியைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். முகம் கடுகடுவென்று இருந்தது.

குதிரை எங்கே அடிபட்டது என்று விசாரித்ததில், புதன்கிழமை சாயங்காலம் துலுக்காணம் அதைக் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போனது தெரிந்தது. வாரா வாரம் போவதுதான். கடல் தண்ணீரில் நிற்க வைத்தால் காலுக்கு நல்லது என்று மேடம்தான் பழக்கியிருக்கிறார்.

"மணல்ல ஓட விட்டிருப்பான்" என்றார் ஓனர்.

"ஓட வுடல சார். நடந்துதான் போச்சு, நடந்துதான் வந்துச்சு" என்றான் துலுக்காணம்.

"அவர் ஓட விட மாட்டார் சார்" என்றார் மேடம். "அத நான் எழுதியே தாரேன்."

"கால்ல ஒண்ணுமில்லன்னு உங்க லாடக்காரரே சொல்லிட்டாரு. அப்புறம் வேற என்ன? தானா பிசகுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுத்தியலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது துலுக்காணம் கேட் வரைக்கும் வந்தான். "அண்ணா, குளம்பு கொதிக்குது. இன்னொருவாட்டி பார்ணா" என்றான். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

ஜூன் 8, சனி

பார்க்கவில்லை. வேறு லாயத்தில் வேலை சரியாக இருந்தது.

சாயங்காலம் சும்மா எட்டிப் பார்த்தபோது துலுக்காணம் அடுப்பில் தவிடு வேக வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உப்புப் பொட்டலம். "ஜிலேபிக்கு" என்றான். தீனி போலிருக்கிறது. நேற்றைக்கு இன்று ஜிலேபி பரவாயில்லை. பார்த்தீர்களா, தோள்தான். தானாகச் சரியாகிவிடும்.

ஜூன் 9, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை.

மேடம் போலீஸ் குதிரைகளுக்குப் போன நேரம் பார்த்து ஓனர் வந்து துலுக்காணத்தை நிறுத்திவிட்டார். அன்றைக்கே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் மனைவி செங்கேணி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். மீஞ்சூரில் அவன் தங்கை வீட்டுக்குப் போகிறார்கள்.

"அண்ணா" என்றான். அவ்வளவுதான். ஜிலேபியின் நெற்றியில் கையை வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டான்.

மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றக் கை கொடுத்தேன். அதையாவது செய்தேன்.

ஜூன் 10, திங்கள்

மேடம் ஓனரிடம் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. "தப்பு பண்ணாத மனுசன நான் இல்லாத நேரம் பாத்து அனுப்பியிருக்கீக. இந்தச் சனிக்கிழமைக்குள்ள துலுக்காணம் திரும்பி வரலைன்னா, நானும் இங்கன இருக்க மாட்டேன்" என்றார். அந்த ஆள் மேடத்தைவிட ஒன்றரை அடி உயரம். கார் கதவைத் திறக்கத் தெரியாமல் தடுமாறினார். எனக்குக் கை தட்ட வேண்டும் போல் இருந்தது. தட்டுகிற யோக்கியதை யாருக்கு இருக்கிறது என்பது வேறு விஷயம்.

ஜிலேபி மோசம். காலைத் தரையில் வைக்கவே இல்லை. துலுக்காணம் போன ஏக்கமாக இருக்கும் என்று மேடத்திடம் சொன்னேன். "இருக்கும்ணே" என்றார்.

எதைச் சொன்னாலும் நம்புகிறார்.

ஜூன் 11, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை. சாப்பிடவில்லை.

ஜூன் 12, புதன்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மதியம் மூன்று மணிக்கு மேடம் தீனி அறையிலிருந்து கூப்பிட்டார். இந்த வாரக் 'கடிவாளம்' முடிந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. "முழுசாப் படிச்சுட்டுப் பேசுங்க" என்று தாளை நீட்டினார்.

அதில் எழுதியிருந்ததை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"தடை தாண்டும்போது நான் பயப்படாததைத் தைரியம் என்று நினைக்கிறார்கள். தைரியம் இல்லை, அதன் பெயர் சவரிராயன். நாலடித் தடையைத் தாண்டிக் கீழே வரும்போது என் உயிர் நான்கு இரும்புத் துண்டுகளின் மேல் வந்து இறங்குகிறது. அந்த நான்கையும் அடித்தவர் அவர். முப்பத்தோரு வருடத்தில் அவர் ஆணி ஒரு முறைகூடச் சதையைத் தொட்டதில்லை. போன வாரம் எங்கள் ஜிலேபி நொண்டியபோது குளம்பை நீங்களும் பார்த்தீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை, சவரி அண்ணன் பார்த்துவிட்டார் என்றேன். எனக்கு அது போதும்."

படித்து முடித்தேன். இன்னொரு தடவை படிக்கிற மாதிரி தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர்.

"அட, அழுகுறீகளா?" என்று மேடம் சிரித்தார். "அம்புட்டு நல்லாவா இருக்கு?"

"இத அனுப்பாதீங்க மேடம்."

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாதான் இருக்கு. பொய்யி."

சட்டைப் பையிலிருந்து ஆணியை எடுத்து ஓட்ஸ் டிரம்மின் மூடி மேல் வைத்தேன். ஆறு நாளாக அதைச் சட்டை மாற்றிச் சட்டை மாற்றிச் சுமந்துகொண்டிருந்தேன். நுனி கறுத்துப்போய் இருந்தது. மேடம் அதை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்தார். சிரிப்பு போய்விட்டது.

"எந்த ஆணி?"

"இடது முன்னங்கால். அஞ்சாவது."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஓடினார். ஜிலேபியின் அறைக்குள் போய் அந்தக் காலைத் தூக்கித் தன் தொடை மேல் வைத்துக்கொண்டு, "கத்திய எடுத்துட்டு வாங்கண்ணே! சீக்கிரம்!" என்று கத்தினார்.

ஐந்தாவது ஆணியின் துளையைக் குளம்புக் கத்தியால் அகலப்படுத்தினேன். இரண்டாவது வெட்டிலேயே கறுப்புச் சீழ் பீய்ச்சிக்கொண்டு மேடத்தின் சட்டையெல்லாம் தெறித்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. அவர் காலை விடவில்லை. எல்லாம் வடிந்ததும் மெல்ல இறக்கி வைத்தார். ஜிலேபி அந்தக் காலைத் தரையில் ஊன்றினாள். மூன்று நாளில் முதல் தடவை.

அப்போதுதான் மேடத்துக்கு அழுகை வந்தது. ஜிலேபியின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

"ஆறு நாளுண்ணே. எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

"முப்பத்தோரு வருசம் மேடம்" என்றேன்.

"அத நீங்களும் நானும் சொல்லிச் சொல்லியே இந்தக் கால அழுக விட்டுருக்கோம்."

இன்னும் நான்கு நாள் போயிருந்தால் சீழ் எலும்பைத் தொட்டிருக்கும். எலும்பைத் தொட்டால் குதிரையைச் சாக விடுவதைத் தவிர வழியில்லை. இது எனக்கு ஆறாம் தேதியே தெரியும். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 13, வியாழன்

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, எலும்புக்குப் போகவில்லை, பிழைத்தது என்றார். ஊசி போட்டார். பெங்களூர் கிடையாது. ஒன்றரை வருட உழைப்பு போயிற்று. மேடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஓனரிடம் நானே போய்ச் சொன்னேன். இனி இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே என்றார். மேடம் குறுக்கே வந்தார். "யாரு லாடம் அடிக்கணும்னு சொல்றது ட்ரெய்னர் வேலை சார். நீங்க சொல்ல வேண்டியது துலுக்காணத்துக்கிட்ட மன்னிப்பு." ஓனர் மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டார். ஆனால் வரச் சொல்லுங்கள் என்றார்.

இதற்கு நடுவில் அந்த மனுஷி வேறு கட்டுரை எழுதி வைத்திருக்கிறார்! தன்னைத்தான் திட்டியிருக்கிறார். காலைத் தொட்டுப் பார்க்க வேண்டிய நான் ஒரு பேரை நம்பி நின்றேன், வலியோடு நின்ற குதிரையும் வேலை இழந்த மனிதரும் என் கணக்கில்தான் வருவார்கள் என்று. என்னைப் பற்றி 'லாடக்காரர் ஒருவர்' என்பதோடு சரி.

பென்சிலை வாங்கி, அந்த இடத்தை அடித்துவிட்டு 'சவரிராயன்' என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் 'ஆணியை ஆறு நாள் மறைத்து வைத்திருந்தார்' என்றும் எழுதினேன்.

"வேணாம்ணே. நாலு லாயத்துலயும் படிப்பாக. பொழப்புப் போயிரும்."

"முகத்தச் சுளிக்கிற வரிய வெட்டுவேன்னு சொல்லுவீங்கல்ல? அந்த 'ஒருவர்' எனக்குப் புடிக்கல மேடம்."

மேடம் தாளை மடித்து உறையில் போட்டார்.

ஜூன் 14, வெள்ளி

மேடத்தின் புல்லட்டில் பின்னால் உட்கார்ந்து மீஞ்சூர் போனேன். குதிரை ஓட்டுகிற மாதிரியே ஓட்டுகிறார். வழியெல்லாம் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

துலுக்காணம் ஒரு லாரி ஷெட்டில் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு, "ஜிலேபி எப்டிக்கீது?" என்றுதான் கேட்டான்.

வழியில் எப்படியெல்லாமோ சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். "ஆணி ஏறிடுச்சுடா. நான்தான் மறைச்சேன்" என்றேன்.

"தெரியும்ணா. காலப் புட்சினு இருந்தவன் நாந்தான."

"தெரிஞ்சுமாடா சொல்லல?"

"நான் சொன்னா யாரு நம்புவாங்க? முப்பத்தோரு வருசம். அத்த வுடு. நீ சொல்லுவேன்னு பாத்தேன். தெனம் பாத்தேன்." ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "சாயந்தரமானா தவுட்டுல உப்பு போட்டு அவிச்சு, சூடா காலுக்குக் கட்டினு இருந்தேன். சீழு இழுக்கும்ல. என்ன அனுப்சுட்டாங்க, அப்பால யாரு கட்டுவாங்கன்னு அதான் ஒரே ரோதனையா இருந்துச்சு."

தீனி என்று இந்த டைரியில் எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று நினைத்தேன், அடிக்கவில்லை.

மேடம் அவன் இரண்டு கையையும் பிடித்து, "என் தப்பு துலுக்காணம். நான் தொட்டுப் பாக்கல. வீட்டுக்கு வாங்க" என்றார்.

"வரேம்மா" என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "இவருக்காக இல்ல. ஜிலேபிக்காக."

வேண்டும் எனக்கு.

ஜூன் 18, செவ்வாய்

பத்திரிகை வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் இரண்டு லாயங்களிலிருந்து போன். இனி வேறு ஆளை வைத்துக்கொள்கிறார்களாம். மூன்றாவது லாயத்துக்காரர், "பேரோட போட்டுட்டாங்களே" என்று துக்கம் விசாரித்தார். நானே எழுதிக் கொடுத்தேன் என்றேன். போனை வைத்துவிட்டார்.

ஜூன் 25, செவ்வாய்

ஜிலேபி சின்ன ஓட்டம் ஓடினாள். துலுக்காணம் எல்லாரோடும் பேசுகிறான், என்னோடு இல்லை. டீ வாங்கி வந்தால் எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து திண்டில் வைத்துவிட்டுப் போகிறான்.

ஜூலை 2, செவ்வாய்

ஜிலேபிக்குத் திரும்ப லாடம் அடிக்கிற நாள்.

போன வாரமே மேடத்திடம், வேறு நல்ல லாடக்காரர் ஒருவரை வரவழைக்கலாம் என்று சொல்லியிருந்தேன். காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டார். இன்று காலை போனால் லாடம், ஆணி, அரம் எல்லாம் வரிசையாக எடுத்து வைத்திருந்தது. மேடம் தீனி அறை வாசலில் பென்சிலோடு நின்றார். சவாரி பழக வந்தவர்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். எல்லாரும் பத்திரிகை படித்தவர்கள்.

மூன்று காலை முடித்தேன். இன்னொரு ஆள்தான் பிடித்தார். இடது முன்னங்காலுக்கு வந்தபோது ஆணியை எடுத்து எடுத்துத் திரும்ப டப்பாவில் போட்டேன். துளைக்கு நேராக வைக்கவே முடியவில்லை. முப்பத்தோரு வருடத்தில் இப்படி ஆனதில்லை. முடியாது என்று சொல்லிவிடலாம் என்று எழுந்தேவிட்டேன்.

துலுக்காணம் வந்தான். அந்த ஆளைத் தள்ளி நிற்கச் சொன்னான். குனிந்து காலைத் தூக்கித் தன் தொடை மேல் வைத்து, குளம்பை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டான்.

"குந்துண்ணா" என்றான். பதினெட்டு நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "குந்தி அடி. சத்தத்த நானும் கேட்டுனுதான் இருக்கேன்."

உட்கார்ந்தேன். அடித்தேன். ஆறு ஆணியும் கணீரென்று ஏறின.